நீர்யானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அண்ணாச்சி

நீர்யானையின் வாய்க்குள்ளிருந்து பார்த்தால் உலகம் ஒரு சாண் அகலம்தான் தெரியும்.

கண் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது வெறும் பிளாஸ்டிக். நிஜமான பார்வை வாய் வழியாகத்தான். வாயில் ஒரு கறுப்பு வலை வைத்துத் தைத்திருப்பார்கள். அன்று மதியம் அந்த வலை வழியாக முதலில் ஒரு வெள்ளை வேட்டி தெரிந்தது. அதற்கு மேலே வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. தலையைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்தேன். முகம் தெரிந்தது.

செல்வராஜ் அண்ணாச்சி!

ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்பவர். என் ஜெனியின் அப்பா. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்து வந்ததும் எனக்குப் பெண் கொடுப்பதா வேண்டாமா என்று சொல்வதாக இருந்தவர். அவர் இத்தனை தூரம் பஸ் ஏறி வந்திருக்கிறார் என்றால் என்னைத் தேடித்தான் வந்திருக்க வேண்டும்.

நானோ அவருக்கு இரண்டடி முன்னால் ஊதா நிறத்தில், பானை வயிற்றோடு நின்றுகொண்டிருக்கிறேன். "வாங்க அண்ணாச்சி" என்று ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை.

உள்ளே யாரும் இல்லை

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக என் உத்தியோகத்தைச் சொல்லிவிடுகிறேன். வீடு திருவொற்றியூர். வேலை, நகரத்தின் மறுகோடியில் இருக்கும் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில். அடையாள அட்டையில் 'விருந்தினர் பிரிவு' என்று கௌரவமாகப் போட்டிருக்கும். செய்வது டும்டும்.

டும்டும் எங்கள் பூங்காவின் செல்லப் பிராணி. நீர்யானை. வாசல் வளைவிலும் டிக்கெட்டிலும் ஐஸ்கிரீம் கப்பிலும் இருக்கும். நடமாடும் டும்டும் ஒன்றே ஒன்று, அதற்குள்ளே நான்.

இதற்குச் சில சட்டங்கள் உண்டு. டும்டும் பேசாது. டும்டும் தலையைக் கழற்றாது. மயக்கமே வந்தாலும் கதவுக்குப் பின்னால் போய்த்தான் விழ வேண்டும். உள்ளே யார் என்று யார் கேட்டாலும் "உள்ளே யாரும் இல்லை, இது டும்டும்" என்றுதான் பதில். உள்ளே இருப்பவன் பெயரைச் சொல்லி விசாரித்தால், "அவர் இன்று வெளியே டூட்டியில் இல்லை" என்று சொல்ல வேண்டும்.

இந்தப் பதில்களை எல்லாம் சொல்வது என் கைத்தடி. ஒரு சாண் பார்வையோடு கூட்டத்தில் நடக்க முடியாது இல்லையா? அதனால் வேஷக்காரனின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஒருவர் வருவார். அவரைத்தான் நாங்கள் கைத்தடி என்போம். என் கைத்தடி யூசுப், காசிமேட்டுக்காரன். அவன் இல்லாவிட்டால் நான் என்றோ படகுக் குளத்தில் விழுந்து நிஜ நீர்யானை ஆகியிருப்பேன்.

எங்களுக்குள் பேச்சு எல்லாம் கையால்தான். அவன் கையை ஒரு தடவை அழுத்தினால் 'போதும், உள்ளே போகலாம்'. இரண்டு தடவை அழுத்தினால் 'பின்னால் யாரோ வாலை இழுக்கிறார்கள்'. மூன்று தடவை என்றால் 'பாட்டுப் போடச் சொல்லு, ஆடத் தயார்'. இத்தனை வருடத்தில் இந்த மூன்றே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து வலி

"இன்னாடா, வேற வேலையே கெடைக்கலையா?" என்று என் அம்மா கேட்காத வாரம் இல்லை. கிடைத்தது. மணலியில் அப்பா பார்த்த கம்பெனியிலேயே கிடைத்தது. காட்டுப்பள்ளி துறைமுகத்தில் ஒரு வேலை வந்தது. நான்தான் போகவில்லை.

சின்ன வயதில் எங்கள் பக்கத்து மாதா கோவில் திருவிழாவுக்கு ஒரு கை ராட்டினம் வரும். நாலு பெட்டி. இரண்டு பேர் அதன் கம்பிகளில் குரங்கு மாதிரி ஏறித் தொங்கி, தங்கள் எடையாலேயே சுற்றுவார்கள். உச்சிக்குப் போனால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் எண்ணூர் நெடுஞ்சாலையில் அசையாமல் நிற்கும் கண்டெய்னர் லாரிகள், தூரத்தில் அத்திப்பட்டுப் புகைபோக்கிகள். தரையில் நின்று பார்த்தால் கரியும் புழுதியுமாக இருக்கும் அதே ஊர்தான். மேலே போனதும் சிவப்பும் நீலமும் பச்சையுமாக யாரோ அடுக்கி வைத்துவிட்டுப் போனது போல் இருக்கும். கீழே இறங்கவே மனம் வராது.

அடுத்த பைத்தியம் கார்ட்டூன் படம். எங்கள் தெருக் கேபிள்காரர் ஞாயிறு மதியம் ஒரு பொம்மைப் படம் போடுவார். படம் பாதியில் இருக்கும்போது கரண்ட் போகும். மிச்சக் கதையை நானே இட்டுக்கட்டி அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வேன். பின்னால் முழுப் படம் பார்க்கக் கிடைத்தபோது என் முடிவே பரவாயில்லை என்று தோன்றியது உண்டு.

டும்டும் ஆன பிறகு அந்தப் பைத்தியம் தொழிலுக்கும் உதவியது. சத்தத்தை அணைத்துவிட்டுப் பொம்மைப் படங்களைப் பார்ப்பேன். குண்டான பிராணி எப்படித் திரும்புகிறது? முதலில் வயிறு திரும்பும், அப்புறம்தான் முகம். அசையாத பிளாஸ்டிக் முகத்தில் வெட்கம் வர வேண்டுமானால் தோளில் வரவழைக்க வேண்டும். சோகம் என்றால் கழுத்தை ஒரு விரல் அளவு தாழ்த்தினால் போதும். வீட்டு நிலைக்கண்ணாடி முன்னால் நான் இதைச் செய்துகொண்டிருந்தபோது அம்மா பார்த்துவிட்டு, கோவிலில் எனக்காக மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தார்கள்.

ஜெனியைப் பார்த்ததும் ஒரு பொம்மைப் படத்தில்தான். ஒட்டகச்சிவிங்கி ஒன்று கழுத்து வலிக்கு வைத்தியம் தேடி ஊர் ஊராகப் போகிற கதை. தியேட்டர் முழுக்கக் குழந்தைகள், அவர்களை இழுத்துக்கொண்டு வந்த அப்பா அம்மாக்கள். குழந்தை இல்லாமல் தனியாக வந்த பெரிய ஆட்கள் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொன்று, மூன்று இருக்கை தள்ளி ஒரு பெண்.

படம் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். நான் பெயர்கள் ஓடி முடிகிறவரை எழுந்திருக்க மாட்டேன். முடியை வரைந்தவர்கள், தண்ணீரை வரைந்தவர்கள் என்று நூற்றுக்கணக்கான பேர் வருவார்கள். கடைசியில், படம் தயாரான காலத்தில் அவர்கள் வீடுகளில் பிறந்த குழந்தைகளின் பெயர்களையும் போடுவார்கள். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். துடைப்பத்தோடு வந்த தியேட்டர்க்கார அம்மா, "இன்னாபா, படம் முட்ஞ்சிச்சு, எய்ந்திரு" என்றார்கள்.

"இருங்கக்கா, இன்னும் கொழந்தைங்க பேரு வரல" என்றது மூன்று இருக்கை தள்ளியிருந்த குரல்.

அப்புறம் என்ன? அந்தக் குரலோடு எத்தனையோ படமும் எத்தனையோ ராட்டினமும் ஆயிற்று. விடுமுறை நாளில் நான் வேறு பூங்காக்களுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறவன் என்று தெரிந்தும் அவள் ஓடிப்போகவில்லை. கூட வந்தாள்.

அண்ணாச்சியின் குத்தூசி

ஜெனி வீட்டில் விஷயம் தெரிந்ததும் பெரிய சண்டை. அவர்கள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள், வேறு சபை. நாங்கள் மாதா கோவில். எந்தக் கோவிலில் தாலி கட்டுவது என்பதில் தொடங்கிய வாக்குவாதம் ஒரு வருடம் ஓடிக் களைத்துப்போனது. அந்தக் கூத்தை எல்லாம் போன வாரமே எழுதிவிட்டேன். என் வேலை பூங்காவில் 'விருந்தினர் பிரிவு' என்று மட்டும் அவர்களிடம் சொல்லியிருந்தோம். மிச்சமிருந்தது ஒரே கேள்வி. பையன் எப்படி?

அண்ணாச்சி எதையும் பார்க்காமல் வாங்க மாட்டார். அவர் கடையில் ஒரு குத்தூசி உண்டு. அரிசி மூட்டையில் குத்தினால் உள்ளிருந்து ஒரு பிடி அரிசி அதன் குழிவில் வெளியே வரும். மேலாகப் பார்க்க மாட்டார், மூட்டையின் அடியில்தான் குத்துவார். அதுவும் விற்கிறவன் எதிர்பார்க்காத நேரத்தில் போய்க் குத்துவார். மூத்த மருமகளை எடுக்கும்போதும் அப்படித்தான், அந்தப் பெண் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்துக்குச் சொல்லாமல் போய் வெளியே நின்று அரைமணி நேரம் பாடம் கேட்டுவிட்டு வந்தாராம்.

இப்போது என் முறை. பள்ளி விடுமுறைக் காலத்து வியாழக்கிழமை. ஜெனியைக் கடைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு, "பிள்ளைக்கு லீவுல்லா, சுத்திக் காட்டிட்டு வாரோம்" என்று கிளம்பியிருக்கிறார். கூட அவர் மனைவி கிரேஸ் அத்தை. ஜெனியின் அண்ணன் மகள் ரூத், யு.கே.ஜி. படிக்கிறவள். சந்தேகப்பட்டு ஜெனி எனக்குப் போன் மேல் போன் போட்டிருக்கிறாள். என் போன் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது.

சைகை இல்லாத வார்த்தை

"ஏம்ப்பா, இங்க அமல்னு ஒரு பையன் வேல பாக்கானாம். எங்க இருப்பான்?" அண்ணாச்சி கேட்டது யூசுப்பிடம்.

யூசுப்புக்கு அவர் யாரென்று தெரியாது. சட்டப்படி பதில் சொன்னான். "அமலா? அவரு இன்னிக்கு வெளிய டூட்டில இல்ல சார்."

"காலைலயே வேலைக்குப் போயிட்டான்னு அவங்க அம்மா போன்ல சொன்னாவளே?"

"வந்துகிறாரு சார். கீறாரு. ஆனா இல்ல."

"அதென்னவே, இருக்கான், ஆனா இல்ல?"

எனக்கு உள்ளே வியர்வை ஊற்றியது. யூசுப் நிலைமையைச் சமாளிக்க நினைத்தான். நண்பனுக்கு நல்ல பெயர் வாங்கித் தந்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டான்.

"தங்கமான பையன் சார். கொயந்த மனசு. பொம்மப் படம் பாத்தாக்கூட அய்துருவாரு. போன வாரம் ஒரு படத்துல கய்தைக்குக் கால் ஒட்ஞ்சி பூட்ச்சின்னு பஸ்ஸுல வர்ற வயியெல்லாம் அய்துகினே வந்தாரு."

"அழுதானா?" அண்ணாச்சியின் புருவம் ஏறியது. "கழுதைக்கா?"

யூசுப்பின் வாயை உடனே மூட வேண்டும். ஆனால் எங்கள் மூன்று சைகையில் 'வாயை மூடு' என்று ஒன்று இல்லை. இத்தனை வருடத்தில் அது தேவைப்பட்டதே இல்லை. அவசரத்தில் அவன் கையை ஒரு தடவை அழுத்தினேன்.

"இரு டும்டும், உள்ள போலாம். பெர்யவரு பேசிகினு கீறாருல்ல" என்றான்.

இரண்டு தடவை அழுத்தினேன்.

சட்டென்று பின்னால் திரும்பினான். அங்கே நின்றது கிரேஸ் அத்தை. "இன்னாம்மா நீங்க? சின்னப் பசங்கதான் வாலப் புட்சி இய்க்குதுன்னா, நீங்களுமா? வுடும்மா வாலை!"

"நான் எங்கய்யா தொட்டேன்? இந்த மாட்டு வாலை இழுத்து எனக்கு என்ன ஆவப்போவுது?" கிரேஸ் அத்தையின் குரல் உயர்ந்தது.

நான் பதறிப்போனேன். எத்தனை தடவை என்று எண்ணாமல் அவன் கையைப் பிசைந்தேன். யூசுப்பின் முகம் மலர்ந்தது. பாட்டுப் போடும் கூண்டைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான்.

டும்டும் பாட்டு ஆரம்பித்தது. ஆரம்பித்துவிட்டால் முடிகிறவரை ஆடித்தான் ஆக வேண்டும், அதுவும் சட்டம். வருங்கால மாமனாருக்கு முன்னால் வயிற்றை இடம் வலமாக உருட்டினேன். பின்பக்கத்தைக் காட்டி மூன்று குலுக்குக் குலுக்கினேன். கன்னத்தில் கை வைத்து வெட்கப்பட்டேன். அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு, புழு விழுந்த பருப்பைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரே ஒருத்திக்கு மட்டும் பிடித்திருந்தது. அதுவரை தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருந்த ரூத் மெதுவாக வெளியே வந்தாள். பாட்டு முடிந்ததும் ஓடிவந்து என் வயிற்றைக் கட்டிக்கொண்டாள். கை பாதிதான் எட்டியது. என் வாய்க்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து ரகசியம் சொன்னாள்.

"டும்டும், எங்க ஜெனி அத்தை நேத்து அழுதாங்க. யார்ட்டயும் சொல்லாத."

குழந்தைகள் டும்டும்மிடம் எல்லாமும் சொல்வார்கள். பென்சில் திருடியது, படுக்கையை நனைத்தது, எல்லாம். டும்டும் பேசாது என்பதால்தான் சொல்கிறார்கள். நான் தலையை ஆட்டினேன்.

"வேலைக்கு வந்தவன் வேல எடத்துல இல்லன்னா என்ன அர்த்தம்?" அண்ணாச்சி மனைவியிடம் சொல்வது கேட்டது. "அவ்வளவுதான், வா போவோம்."

ஒரு நொடி போதும். தலையைக் கழற்றி, "அண்ணாச்சி, நான்தான்" என்று சொன்னால் முடிந்தது. என் கல்யாணம் அந்த ஒரு நொடியில் இருந்தது. ஆனால் ரூத் இன்னும் என் வயிற்றைக் கட்டிக்கொண்டுதான் இருந்தாள். அப்போதுதான் பயம் தெளிந்த பிள்ளை. கண் முன்னால் டும்டும்மின் தலை தனியாகக் கழன்று, உள்ளேயிருந்து வியர்த்து வழிய ஒரு ஆள் எட்டிப் பார்த்தால் அது என்ன ஆகும்? என்னால் முடியவில்லை. வேலை போகும் என்ற பயம் அப்புறம்தான் வந்தது, சத்தியமாக.

பெஞ்சு

ரூத் குதிரை ராட்டினம் ஏறாமல் வர மாட்டேன் என்று அடம்பிடித்தாள். கிரேஸ் அத்தை கூட்டிக்கொண்டு போனார்கள். அண்ணாச்சிக்கு முழங்கால் வலி. நிழலில் ஒரு பெஞ்சு உண்டு, டும்டும் அதில் உட்காரும், பக்கத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். வெயில் நேரம், கூட்டம் இல்லை. யூசுப் என்னை உட்கார வைத்துவிட்டு, கயிற்றுக்கு அந்தப்பக்கம் வழிதவறி அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தையைச் சமாதானப்படுத்தப் போனான்.

அண்ணாச்சி பெஞ்சுக்கு வந்தார். "உள்ள ஆளு இருக்காம்லா?" என்று யூசுப்பைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"உள்ள யாரும் இல்ல சார். அது டும்டும்."

"அதுவும் சரிதான்" என்று என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பையிலிருந்து ஒரு கடலை மிட்டாய் எடுத்தார். தன் கடைச் சரக்கை யாருக்கும் கொடுக்காமல் அவர் தின்ன மாட்டார் என்று ஜெனி சொல்லியிருக்கிறாள். பாதி உடைத்து என் மடியில் வைத்தார். எங்கள் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"பயலக் காணல பாத்தியா?" என்றார். என்னைப் பார்த்து அல்ல, எதிரே சுற்றுகிற குதிரைகளைப் பார்த்து. "ஒரு வகைல நல்லதுதான். நேர்ல பாத்திருந்தம்னா சிரிச்சுக்கிட்டே வாங்க அண்ணாச்சிம்பான். நானும் சரின்னு சொல்லிப்போடுவேன். சரின்னுட்டா, பிள்ள திருவொத்தியூருக்குப் போயிரும்லா."

கடலை மிட்டாயைக் கடித்தார்.

"அங்கன இருந்து ராயபுரம் வரணும்னா அந்தக் கண்டெய்னர் லாரிக்கு எடைல நின்னு நின்னு வரணும். மாசத்துக்கு ஒருக்கா வருவா. அப்புறம் நல்ல நாளு கெட்ட நாளைக்கு வருவா. காலைல கடை தெறந்ததும் கல்லாவுல மொத ஆளா அவதான் உக்காருவா. 'ஏய்ப்பா, சட்டை பட்டன மாத்திப் போட்டிருக்கீய'ன்னு அவதான் சொல்லுவா. இனிம யாரு சொல்லுவா?"

அவர் குரல் இறங்கிவிட்டது. வியாபாரத்தில் யாரிடமும் இறங்காத குரல்.

"வேணாம்னு சொல்ல ஒரு காரணம் கெடைக்காதான்னுதான் வந்தேன். கெடைச்சிட்டு. கெடைச்சும் மனசுல ஒரு சந்தோசம் இல்ல, பாத்துக்க."

எனக்கு உள்ளே கண்ணீர் முட்டியது. கழுதைக்கே அழுகிறவன் இதற்கு அழ மாட்டேனா? நீர்யானைத் தலைக்குள் அழுவது பெரிய இம்சை, துடைக்க முடியாது. ஆறுதல் சொல்லவும் முடியாது. டும்டும் என்ன செய்யுமோ அதைச் செய்தேன். நாலு விரல் கொண்ட என் ஊதாக் கையைத் தூக்கி அவர் கையின் மேல் வைத்தேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. குதிரை ராட்டினம் நிற்கிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

பாப்பா முன்னாடி

ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் ராயபுரம் போனோம். கீழே கடை, மாடியில் வீடு. படியேறும்போதே மிளகும் மல்லியும் மூக்கைத் துளைத்தன. அண்ணாச்சி நாற்காலியில். கிரேஸ் அத்தை பாயில். அடுக்களை வாசலில் ஜெனி, முகம் வீங்கியிருந்தது. நடுக்கூடத்தில் ரூத் கவிழ்ந்து படுத்து, ஊதா நிறப் பென்சிலால் ஒரு நீர்யானை வரைந்துகொண்டிருந்தாள்.

அண்ணாச்சி சுற்றி வளைக்கவில்லை. "வியாழக்கெழம உன் பூங்காவுக்கு வந்தேன் தம்பி. ஆளக் காணல."

"வேலைலதான் இருந்தேன் அண்ணாச்சி."

"எங்கன? வாசல்லேர்ந்து படகு வரைக்கும் தேடிட்டேன். அப்படி யார் கண்ணுலயும் படாத வேல என்ன வேல?"

வாயைத் திறந்தேன். ரூத் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "மாமா, நீங்க அங்கயா வேலை பாக்கிறீங்க? டும்டும்மைத் தெரியுமா? எனக்கு மட்டும் தனியா ஆடிக் காட்டிச்சு."

பூங்காவில் காப்பாற்றியதை இங்கே கூடத்தில் உடைப்பதா? யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"அதைப் பாப்பா முன்னாடி சொல்ல முடியாது அண்ணாச்சி."

சொன்ன பிறகுதான் அது காதில் எப்படி விழும் என்று எனக்கே உறைத்தது.

"ஏசுவே!" கிரேஸ் அத்தை நெஞ்சில் கை வைத்தார்கள். "பிள்ளைக்கு முன்னால சொல்ல முடியாத வேலையா?"

அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார்கள். "டேய், இன்னாடா சொல்ற? பேஜாரு பண்ணாத. நான் இன்னாமோ பிளாஸ்டிக் பொம்ம வேஷம்னு நெனைச்சிகினு கீறேன், நீ வேற இன்னா பண்ற?"

நல்லவேளை, ஜெனி புரிந்துகொண்டாள். "ரூத், வா, கீழ கடைல போய் உனக்குக் கலர் மிட்டாய் எடுக்கலாம்" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். போகிற போக்கில் என்னைப் பார்த்தாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியாத முகம்.

காலடிச் சத்தம் இறங்கி முடிந்ததும் சொன்னேன். "டும்டும் நான்தான் அண்ணாச்சி. தலையைக் கழட்டினா பிள்ளை பயந்துரும். அதான் அன்னிக்கும் சொல்லல. இப்பவும் அது முன்னாடி சொல்ல மனசு வரல."

முதலில் பேசியது கிரேஸ் அத்தை.

"அப்ப அந்த மாட்டு வாலு... உன் வாலாய்யா?"

"நீர்யானை வாலு அத்தை."

அவர்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். அம்மாவும் சேர்ந்துகொண்டார்கள். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முகம் வெளுத்துக்கொண்டே போனது. பெஞ்சில் உட்கார்ந்து பேசியது அவருக்கு வரிசையாக நினைவுக்கு வருகிறது என்று எனக்குத் தெரிந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லாததை எல்லாம் அங்கே சொல்லியிருந்தார்.

"உள்ள..." என்று தொண்டையைச் செருமினார். "உள்ள வெளிச் சத்தம் கேக்குமா?"

"ஒண்ணும் கேக்காது அண்ணாச்சி. பஞ்சும் துணியுமா அவ்வளவு கனம். யூசுப் கத்தினாலே பாதிதான் விழும்."

அவர் மூச்சு விட்டார். கிரேஸ் அத்தை காப்பி கொண்டுவந்தார்கள். ஜெனியும் ரூத்தும் படியேறி வந்தார்கள். ரூத்தின் நாக்கு அதற்குள் பச்சையாகியிருந்தது. எல்லோரும் அண்ணாச்சி வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மனிதர் சரி என்று சொல்வதற்கு எவ்வளவு பெரிய பாரத்தைத் தூக்க வேண்டும் என்று அங்கே தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதில் ஒரு முனையையாவது நான் பிடிக்க வேண்டும் என்று தோன்றியது.

"ஒரு உதவி வேணும்" என்றேன். "கல்யாணத்துக்கு அப்புறம் நாங்க இந்தத் தெருவுலயே இருக்கலாம்னு பாக்கிறேன். ஜெனி காலைல எப்பவும் போல கடைக்கு வந்துரலாம். நீங்கதான் ஒரு வீடு பாத்துக் குடுக்கணும்."

ஜெனி திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். அவளிடம்கூட நான் சொல்லியிருக்கவில்லை. அண்ணாச்சி என் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாண்ணா பாக்குறீங்க? ராயபுரம் இன்னா அமெரிக்காவா?" என்றார்கள் அம்மா. "எங்கூட என் பெரிய பையன் கீறான். இவனப் பாக்கணும்னா ஒரு ஷேர் ஆட்டோ புட்சி வந்துட்டுப் போறேன்."

அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். மூட்டையின் அடிவரை குத்திப் பார்க்கிற பார்வை.

"உள்ள ஒண்ணும் கேக்காதுன்னு சொன்னியே?"

"கேக்காது மாமா."

மாமா என்று அதற்கு முன் நான் அவரை அழைத்ததில்லை. அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. எழுந்து அலமாரியைத் திறந்தார். வேதப் புத்தகத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு சாவியை எடுத்து ஜெனியின் கையில் வைத்தார்.

"எதுத்த வீட்டு மாடி. தண்ணி நல்லா வரும்" என்றார். "பூங்காவுலேர்ந்து திரும்புன கையோட, வியாழக்கெழம சாயங்காலமே சாவி வாங்கி வச்சிட்டேன்."